வராதவர்களையும் எண்ணுங்கள்

(தோட்டத் தாய்மார் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



உலக வங்கியின் சுகாதாரக் கொள்கை பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், "எங்களுக்கு அடகுக் கடைதானுங்க வங்கி" என்று ஓர் அம்மா சிரித்தார். ஆனால் கடன் கொடுப்பவர் சொல்லும் யோசனை, கடைசியில் ஆஸ்பத்திரி வாசலில்தான் வந்து நிற்கும்.

1987இல் உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழை நாடுகளின் அரசாங்க ஆஸ்பத்திரிகள் நோயாளரிடம் கட்டணம் வாங்க வேண்டும் என்பது அதில் ஒரு முக்கிய யோசனை. காசு வாங்கினா மருந்தாவது ஒழுங்கா இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

கென்யாவில் 1989 டிசம்பரில் கட்டணம் வந்தது. நைரோபியில், பால்வினை நோய் பார்க்கும் ஒரு கிளினிக்கில் வருகையை எண்ணிப் பார்த்தார்கள். முன்பு 100 ஆண்கள் வந்த இடத்தில் 40 பேர். 100 பெண்கள் வந்த இடத்தில் 65 பேர். மற்றவங்களுக்கு நோய் சுகமாகிவிட்டதா? இல்லை. வைத்தியம் பார்க்காத நோய் வீட்டுக்குள்ளேதான் இருக்கும், பக்கத்திலும் தொற்றும். ஒன்பது மாதத்தில் அரசாங்கமே கட்டணத்தை நிறுத்தியது.

வங்கியின் சொந்த மதிப்பீட்டாளர்களும் 2009இல் கணக்குப் பார்த்தார்கள். 1997 முதல் 2008 வரை சுகாதாரத் துறைக்குக் கொடுத்தது ஏறக்குறைய 1,700 கோடி டொலர். திட்டங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான் திருப்தியாக முடிந்தன. ஏழைகளுக்குப் பலன் போய்ச் சேர்ந்ததா என்பதற்கு ஆதாரம் குறைவு. 2013இல் வங்கியின் அப்போதைய தலைவர் ஜிம் யோங் கிம், ஏழைகளிடம் வாங்கும் கட்டணம் அநியாயம், தேவையுமில்லை என்று சொன்னார். நல்ல பேச்சுதான். ஆனால் 1987க்கும் 2013க்கும் இடையே 26 வருடம்!

நமது நாட்டிலும் 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கினார்கள், 1977இல் நிறுத்தினார்கள். இன்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சீட்டுக்குக் காசில்லை. ஆனா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று டவுனுக்குப் போனா அன்றைய பேர் போகுது, ஆட்டோவுக்கும் காசு வேணும். அதுவும் ஒரு கட்டணம்தானே?

ஆகவே, நாளைக்கு யார் என்ன திட்டம் கொண்டு வந்தாலும், கட்டடத்தையும் பெயர்ப் பலகையையும் பார்த்துக் கை தட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். "வராதவங்க யாரு? ஏன் வரல்ல?" என்று கேளுங்கள். உங்கள் லயத்தில் யார் யார் என்று எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். அந்தப் பெயர்களை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். அங்கிருந்து பேசுவோம்.