ஆதாரம் கேட்பது மக்களின் உரிமை
(பெங்களூருவில் ஆற்றப்பட்ட உரை)



1976ஆம் ஆண்டு, இதே பெங்களூருவில், பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச்.நரசிம்மையா, அற்புதங்களையும் மூடநம்பிக்கைகளையும் அறிவியல் வழியில் ஆராய ஒரு குழுவை அமைத்தார். அவர் இயற்பியல் அறிஞர். விடுதலைப் போரில் சிறை சென்ற காந்தியவாதி. புட்டபர்த்தி சாயிபாபாவுக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். அவற்றில் கேட்டது ஒன்றே: அற்புதங்களைச் சோதனைக்கு உட்பட்டு நிகழ்த்திக் காட்டுங்கள். பாபா இசையவில்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்னும் 51ஏ(எச்) பிரிவு அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டதும் அதே 1976இல்தான்.

இன்று அற்புதம் மேடையை விட்டு மருந்துக்கடைக்கு வந்துவிட்டது. 2020 ஜூனில் கொரோனாவைக் குணப்படுத்தும் மருந்து என்று பதஞ்சலி நிறுவனம் 'கொரோனில்' மருந்தை அறிவித்தது. மறு ஆண்டு பிப்ரவரியில் அம்மருந்துக்கான விழா மேடையில் ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ் வர்தனே அமர்ந்திருந்தார்!

சர்க்கரை நோய், புற்றுநோய் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்து விளம்பரங்களுக்கு முன்னனுமதி வேண்டும் என்றது 170ஆவது விதி. அதன்படி நடவடிக்கை எடுக்க வேண்டாம் என 2023இல் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதிய ஆயுஷ் அமைச்சகம், 2024 ஜூலையில் அவ்விதியையே நீக்கியது. உச்சநீதிமன்றம் ஆகஸ்டில் விதித்த தடையும் 2025 ஆகஸ்டில் வழக்கு முடிக்கப்பட்டதோடு அகன்றது. காவலைத் தளர்த்தியது அரசு. பலன் பெறுவது மருந்து முதலாளிகள்.

இழப்பவர் யார்? தனியார் மருத்துவமனைக் கட்டணத்துக்கு அஞ்சி, இன்சுலினை நிறுத்திவிட்டு லேகியத்தை நம்பும் தொழிலாளி. அவர் பணத்தோடு கண்ணையும் சிறுநீரகத்தையும் இழக்க நேரிடும். அவரது அறியாமையை ஏளனம் செய்வது இடதுசாரிகளின் வேலையன்று. அரசு மருத்துவமனையில் மருத்துவரும் மருந்தும் இல்லாத இடத்தில்தான் போலி நம்பிக்கை விலைபோகிறது.

இது மரபு மருத்துவத்துக்கு எதிரான குரலும் அன்று. சீனத்தின் பழம்பெரும் மருத்துவ ஏட்டில் குறிப்புத் தேடி, மூலிகையிலிருந்து மலேரியாவுக்கு மருந்து கண்டவர் தூ யூயூ. சோதனையில் அது வென்றது. 2015இல் நோபல் பரிசும் வந்தது. மூலிகையாயினும் மாத்திரையாயினும் உரைகல் ஒன்றே.

எனவே கோரிக்கைகள் இரண்டு: மருந்து விளம்பரங்களுக்கு முன்னனுமதியை மீண்டும் கட்டாயமாக்கு! அனைவருக்கும் கட்டணமில்லா அரசு மருத்துவத்தை உறுதி செய்! நரசிம்மையா கேட்ட ஆதாரத்தை இனி ஒவ்வொரு தொழிற்சங்கக் கிளையும் கேட்கட்டும்.