பேரனுக்கு ஒரு கேமிங் லேப்டாப்: பெரியவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள்

(தேஹு ரோடு பகுதி உறுப்பினர்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காரியதரிசி தலைப்பை அறிவித்தபோது முன் வரிசையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கலாம், எழுபதைத் தாண்டியவனுக்கு இதில் என்ன வேலை என்று தோன்றுவது சகஜம்தான். ஆனால் போன கூட்டத்தில் காபி வேளையில் மூன்று மாமிகள் தனித்தனியே வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பேரன் கேமிங் லேப்டாப் வேண்டும் என்கிறான். லட்ச ரூபாய் என்கிறான். அப்படி என்ன இருக்கிறது அதில்?" நான் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். சர்க்கார் உத்தியோகத்தில் பல வருஷங்களை டெண்டர் பரிசீலனையில் கழித்தவன். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு பதில் சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் அகத்திலும் இதே கதைதான். பேரன் பன்னிரண்டாம் வகுப்பு. அவன் காட்டிய மாடல் 1,18,000 ரூபாய். "படிக்கிற பையனுக்கு எதற்கு?" என்றான் என் பிள்ளை. "உனக்குப் புரியாதுப்பா" என்றான் பேரன். பத்து நாள் இருவருக்கும் பேச்சில்லை. சாப்பாட்டு மேஜையில் நான்தான் தூது. லட்ச ரூபாய் என்பது நமக்கெல்லாம் விளையாட்டல்ல. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் உச்ச வரம்பான 30 லட்சத்தையும் போட்டவருக்குக்கூட, 8.2 சதவீத வட்டியில் காலாண்டுக்கு வருவது 61,500 ரூபாய். ஆக, அரை வருஷ வட்டி ஒரு பெட்டிக்குள் போகிறது. கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுப்பதில் தப்பில்லை.

முதலில் ஒரு பயத்தைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். கேம் என்றவுடன் நமக்குச் சூதாட்டம் ஞாபகம் வருகிறது. இரண்டும் வேறு. பணம் கட்டி, பணம் ஜெயிக்கும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் போட்டி விளையாட்டுகளை அங்கீகரிக்கிறது. 2023-ல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இ-ஸ்போர்ட்ஸுக்குப் பதக்கங்களும் கொடுத்தார்கள். ஆகவே பேரன் கேட்பது சீட்டாட்ட மேஜை இல்லை. ஆனாலும் ஆட்டத்துக்குள்ளேயே உடை, ஆயுதம் என்று விற்பார்கள். அது பணம் கசியும் ஓட்டை. நம் கார்டு எண்ணை அந்தக் கணக்கில் பதிந்து வைக்கக் கூடாது.

இன்னொன்று, இந்தத் தொழில் நம் வாசலிலேயே இருக்கிறது. ஃபிரான்ஸ் நாட்டு யூபிசாஃப்ட் கம்பெனி 2008-லிருந்து புனேயில் ஸ்டூடியோ நடத்துகிறது. 2020-ல் வெளிவந்த 'ராஜி' என்ற கேம் புனேயில் தயாரானது. அசுரர்கள் தூக்கிச் சென்ற தம்பியைத் தேடிப் போகும் ஒரு பெண் குழந்தையின் கதை. துணை நிற்பவர்கள் துர்க்கையும் விஷ்ணுவும். தம்பியின் பெயர் கோலு. பாட்டி சொல்லும் கதைக்கு இதற்கும் அதிக தூரமில்லை.

சரி, சாதாரண லேப்டாப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள், மொத்தம் 20,73,600. வினாடிக்கு 60 படம் என்றால், வினாடிக்குப் பன்னிரண்டு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணக்கிட வேண்டும். நம் கல்யாணத்தை நினைத்துக் கொள்ளுங்கள். தலைமைச் சமையல்காரர் ஒருவர், கெட்டிக்காரர்; எந்தப் பட்சணமும் செய்வார். ஆனால் ஆயிரம் இலைக்கு அவர் ஒருவரே பரிமாற முடியுமா? அதற்கு ஒரே வேலையைச் சேர்ந்தாற்போல் செய்யும் ஐம்பது பேர் வேண்டும். கம்ப்யூட்டரில் சமையல்காரர் சி.பி.யூ.; பந்தி பரிமாறும் கோஷ்டி ஜி.பி.யூ. என்ற கிராஃபிக்ஸ் சிப். கேமிங் லேப்டாப்பில் தனி ஜி.பி.யூ. இருக்கிறது. நாம் கொடுக்கும் அதிகப்படிப் பணம் பெரும்பாலும் அதற்கும், அதன் சூட்டைத் தணிக்கும் ஏற்பாட்டுக்கும்தான்.

இந்தக் கோஷ்டி விளையாட்டுக்கு மட்டும் உபயோகப்படுவதில்லை. அமெரிக்கா கிரே சூப்பர் கம்ப்யூட்டரைத் தர மறுத்த பிறகு, 1988-ல் புனேயில் ஸி-டாக் ஆரம்பிக்கப்பட்டு, 1991-ல் பரம் 8000 வந்தது. உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதே ஸி-டாக் 2020-ல் நிறுவிய 'பரம் சித்தி-ஏ.ஐ.' உலகப் பட்டியலில் 63-வது இடத்தைப் பிடித்தது. அதில் இருப்பவை என்விடியா கம்பெனியின் ஜி.பி.யூ.க்கள். பேரன் கேட்கும் லேப்டாப்பில் இருப்பதும் அநேகமாக அதே கம்பெனியின் சிப், குடும்பத்தில் கடைக்குட்டி என்று வைத்துக் கொள்ளலாம்.

இனி டெண்டர் முறை. விலையை முதலில் பார்க்கக் கூடாது. தேவையை எழுதி, டெக்னிகல் தகுதியைப் பார்த்து, தேறியவற்றுக்குள் விலையை ஒப்பிட வேண்டும். அந்த வரிசையில் கேள்விகளைச் சொல்கிறேன்.

1. எந்தெந்த ஆட்டங்கள்? ஒவ்வொரு கேமும் தனக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதியை வெளியிடுகிறது. 'வேலரண்ட்' போன்றவை சாதாரண இயந்திரத்திலும் ஓடும். 2024-ல் வந்த 'பிளாக் மித்: வூகாங்' டிஸ்கில் மட்டும் 130 ஜி.பி. இடம் கேட்கிறது. பட்டியல் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.

2. ஜி.பி.யூ.வின் பெயர் மட்டுமல்ல, எத்தனை வாட்? எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். ஆர்.டி.எக்ஸ். 4060 என்ற ஒரே பெயரில் உள்ள லேப்டாப் சிப்பை, 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் ஓட்டலாம். பெயர் ஒன்று, பலம் வேறு. என் உறவினர் ஒருவர் மெல்லியதாக, அழகாக இருக்கிறது என்று ஒன்றை வாங்கினார். அதைவிட விலை குறைந்த கனமான பெட்டி அதே சிப்பை வைத்துக்கொண்டு வேகமாக ஓடுகிறது. 'டி.ஜி.பி. எவ்வளவு?' என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால், தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

3. ஜி.பி.யூ.வின் சொந்த மெமரி எவ்வளவு? 8 ஜி.பி. இருப்பது நல்லது. மேஜைக் கம்ப்யூட்டர் 4070-ல் 12 ஜி.பி. உண்டு, லேப்டாப் 4070-ல் 8 தான். பெயரை நம்பி இரண்டையும் ஒன்றாக நினைக்கக் கூடாது.

4. ரேம் 16 ஜி.பி.; அது இரண்டு எட்டாக இருக்கட்டும். ஒற்றைப் பதினாறு என்றால் இரண்டு கவுண்டர் உள்ள வங்கியில் ஒன்றை மூடி வைத்த மாதிரி. பின்னால் கூட்ட இடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏ.ஐ. தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதால் 2025 கடைசியில் ரேம் விலை கடுமையாக ஏறியது. 'அப்புறம் போட்டுக்கலாம்' என்பது எப்போதும் மலிவு என்று சொல்ல முடியாது.

5. டிஸ்க் எஸ்.எஸ்.டி.யாக, 512 ஜி.பி.க்குக் குறையாமல், முடிந்தால் 1 டி.பி., அல்லது இரண்டாவது எஸ்.எஸ்.டி.க்கு ஓர் இடம்.

6. திரை வினாடிக்கு 144 தடவை புதுப்பிப்பதாக இருக்கலாம். அதற்கு மேல் உள்ள எண்ணுக்காகப் பணம் கொட்ட வேண்டாம். நிறத்தைப் பாருங்கள். '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று போட்டிருந்தால் நிறம் வெளிறித் தெரியும். '100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்று கேளுங்கள். நாள் முழுக்கப் பையன் கண் அதில்தான்.

7. சூடு எங்கே போகிறது? பௌதிகம் படித்தவன் என்பதால் சொல்கிறேன்: உள்ளே போகும் வாட் அனைத்தும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வர வேண்டும். இரண்டு மின்விசிறி, பின்னாலும் பக்கத்திலும் காற்றுவழி வேண்டும். கடையில் ஐந்து நிமிஷம் ஓட்டினால் எல்லாப் பெட்டியும் நன்றாகத்தான் ஓடும். அரைமணி கழித்துச் சூடேறி வேகம் குறைகிறதா என்பதே பரீட்சை. அதை அளந்து சொல்லும் விமர்சனங்களைப் படிக்கச் சொல்லுங்கள். மெத்தை மேலோ தலையணை மேலோ வைத்து ஓட்டக் கூடாது. அடிக் காற்று அடைபடும்.

8. மின்சாரமும் பேட்டரியும். மூன்று பின் ப்ளக்கில் எர்த் சரியாக இருக்க வேண்டும். பழைய குவார்ட்டர்ஸ்களில் எர்த் இல்லாமல் உலோகப் பெட்டியைத் தொட்டால் சிறு விறுவிறுப்பு தெரியும். தினம் இரண்டு மணி நேரம், 180 வாட் என்றால் மாதம் 11 யூனிட் கூட ஆகாது. கரண்ட் பில்லுக்காகப் பயப்பட வேண்டாம். ஆனால் பேட்டரியில் கேம் ஆடுவது நடவாத காரியம். விமானத்தில் முன் அனுமதியின்றி எடுத்துப் போகக்கூடிய பேட்டரி 100 வாட்-மணி வரைதான் என்பதால், லேப்டாப் பேட்டரிகளும் அதற்குள் அடங்குகின்றன. ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்.

9. வாரண்டி. வீட்டுக்கே வந்து பார்ப்பார்களா, எத்தனை வருஷம், உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் உண்டா? அமெரிக்காவிலிருந்து பெண்ணோ மாப்பிள்ளையோ வாங்கி வருவதாகச் சொன்னால், அந்த மாடலுக்கு இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள். 18 வயது நிறைந்த பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டு வரலாம் என்பது உண்மைதான். ரிப்பேர் என்று வந்தால் அந்த லாபம் கரைந்துவிடும்.

எங்கே வாங்குவது? புனேயில் தப்கீர் கல்லி, சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, மும்பையில் லாமிங்டன் ரோடு, டில்லியில் நேரு பிளேஸ். எங்கே வாங்கினாலும் ஜி.எஸ்.டி. பில்லில் சீரியல் நம்பர் இருக்கட்டும். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள். செகண்ட் ஹாண்ட் வாங்குபவர்கள் விண்டோஸ் 11 ஓடுமா என்று பார்க்கவும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடங்களும் உண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸில் சேர்ந்து புரோகிராம் எழுதப் போகிற பையனுக்கு, அதற்காக மட்டும் தனி ஜி.பி.யூ. தேவையில்லை. 'காலேஜுக்கு இதுதான் வேண்டும்' என்றால், காலேஜ் எழுத்தில் கேட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஹாஸ்டலுக்குப் போகாமல் வீட்டிலேயே இருப்பவனுக்கு, அதே பணத்தில் மேஜைக் கம்ப்யூட்டர் இன்னும் வேகமாக ஓடும். ஒரு பாகம் போனால் அதை மட்டும் மாற்றலாம்.

எங்கள் அகத்தில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பேரனைக் கூப்பிட்டு, "இந்தக் கேள்விகளுக்கு ஒரு தாளில் பதில் எழுதிக் கொண்டு வா, பார்க்கலாம்" என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தான். தாளில் ஆட்டங்களின் பட்டியலுக்குக் கீழே, 'பிளெண்டர்' என்ற இலவச சாஃப்ட்வேரில் உருவங்கள் செய்து கேம் தயாரிக்கக் கற்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை அவன் அப்பாவிடம் சொன்னதே இல்லை, அவனும் கேட்டதில்லை. தாளை என் பிள்ளை கையில் கொடுத்துவிட்டு நான் வாக்கிங் போய்விட்டேன். திரும்பி வரும்போது இருவரும் ஏதோ வாட் கணக்குப் போட்டுச் சண்டை பிடித்துக் கொண்டிருந்தார்கள். அந்தச் சண்டை பரவாயில்லை. இருவருமாக 30,000 ரூபாய் குறைவான ஒரு மாடலில் வந்து நின்றார்கள். பரீட்சை முடிந்த பிறகு வாங்குவது, பாதி நான், பாதி அவன் அப்பா, இரவு பத்தரைக்கு மேல் கிடையாது என்று ஏற்பாடு.

சபையில் உள்ள பெரியவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'எனக்கு இதெல்லாம் புரியாது' என்று செக்கை மட்டும் கிழித்துக் கொடுக்காதீர்கள். 'இதெல்லாம் கெட்ட பழக்கம்' என்று வாயையும் அடைக்காதீர்கள். எத்தனை வாட் என்று கேளுங்கள். பணம் கொடுக்கிற நமக்குக் கேட்கிற உரிமை உண்டு. தனக்கு ஏன் வேண்டும் என்று சொல்கிற சந்தர்ப்பம் குழந்தைக்கும் வேண்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று தோன்றினால் தைரியமாக வேண்டாம் என்று சொல்லலாம். காரணம் தெரிந்த மறுப்பைக் குழந்தைகள் ஏற்றுக் கொள்வார்கள்.

 அச்சிட்ட கேள்விப் பட்டியல் வாசலில் இருக்கிறது. ஆளுக்கொன்று எடுத்துப் போகவும்.