ஞாயிற்றுக்கிழமைச் சோறு



இந்த வருஷத்துக்கு உங்கட இலக்கு என்ன என்று ஒவ்வொருவரையும் சொல்லச் சொன்னீர்கள். பெரிய பெரிய விடயமெல்லாம் வந்தது. என்னுடையதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கம்: கிழமைக்கு ஒருநாளாவது அம்மாவோட ஒன்றாக இருந்து சாப்பிட வேணும்.

லண்டனில் இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அம்மா விடிய நாலு மணிக்கு அலுவலகங்கள் துப்புரவாக்கப் போய்விடுவா. எனக்கு சூப்பர்மார்க்கெட்டில் பின்னேர வேலை, முடிய இரவு பதினொன்று. நான் வரேக்க அவ நித்திரை, அவ போகேக்க நான் நித்திரை. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற துண்டுகளில்தான் எங்கட கதை பேச்சு. "பருப்பு இருக்கு, சூடாக்கிச் சாப்பிடு." "பால் முடிஞ்சுது."

கனகாலமாக இதை என்ர சோம்பேறித்தனம் என்றுதான் நினைச்சன். நேரத்தை ஒழுங்குபடுத்த ஃபோனில் செயலிகூட இறக்கினன். இரவு பதினொன்றுக்கு முடிச்ச ஆளை விடிய ஆறுக்கு வா என்று மானேஜர் மெசேஜ் போட்டால், செயலி என்ன செய்யும்?

1998ஆம் ஆண்டு வேலைநேர ஒழுங்குவிதிகளைப் பற்றி ஒரு தோழர்தான் சொன்னா. பொதுவாக ஒருநாள் வேலைக்கும் அடுத்தநாள் வேலைக்கும் இடையில் 11 மணித்தியால ஓய்வு வேண்டும். விதிவிலக்கான இடத்திலும் ஈடான ஓய்வு கொடுக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது ஏழு. பஸ்ஸுக்கு இரண்டு போனால் மிச்சம் ஐந்து.

தனியப் போய்க் கேட்டன். "கஷ்டமெண்டால் உம்மட மணித்தியாலத்தைக் குறைக்கிறம்" என்றார்கள். என்ர ஒப்பந்தத்தில் இத்தனை மணித்தியாலம் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. பயந்து திரும்பி வந்திட்டன். பிறகு ஒரு போலந்து அக்கா, ஒரு சோமாலி அண்ணை, இரண்டு தமிழர் என்று நாலு பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைச்சம். அந்த ஆறு மணி ஷிஃப்ட் நின்றது. ஆனால் அடுத்த கிழமை அட்டவணை இன்னும் வெள்ளி இரவுதான் கைக்கு வருது.

1976 ஓகஸ்டில், இதே லண்டனில், கிரன்விக் படம் கழுவும் தொழிற்சாலையிலிருந்து ஜெயாபென் தேசாய் வெளியே நடந்ததும் மேலதிக நேரம் நிற்கச் சொன்னதால்தான். வீட்டுக்குப் போகிற நேரம் அன்றைக்கும் சின்ன விடயமாக இருக்கவில்லை.

சரி, ஞாயிறு லீவு கிடைச்சுது. ஞாயிறு என்ன? எங்கட கூட்டம்! வெளிக்கிட்டு நிற்கிறன், அம்மா சட்டி கழுவிக்கொண்டே கேட்டா: "தொழிலாளிக்கு ஓய்வு வேணுமெண்டு கடிதம் எழுதினனீ. நான் என்ன, இந்த வீட்டில முதலாளியோ?"

பதில் சொல்ல முடியவில்லை. நாங்கள் கூட்டம் கூடுகிற நேரமெல்லாம் எங்கட வீடுகளில் ஆரோ சமைச்சுக் கழுவிக்கொண்டுதான் இருக்கினம். பெரும்பாலும் அம்மாமார். ஆகவே என்ர வேண்டுகோள் இதுதான்: மாதத்தில் இரண்டு ஞாயிறாவது கூட்டம் வைக்க வேண்டாம். இதை இன்றைக்கே வாக்கெடுப்புக்கு விடுங்கோ.

போன ஞாயிறு நான் வராததும் இதனால்தான். கத்தரிக்காய்க் குழம்பு வைச்சன். உப்புக் கூடிப் போச்சு. அம்மா ஒன்றும் சொல்லேல்லை, தயிரை விட்டுப் பிசைஞ்சு சாப்பிட்டா.