பழுதறியும் அறிவு

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளாகக் கல்வித் தொண்டாற்றி வரும் நம் சங்கத்தின் வெள்ளிவிழாவில், வீட்டு மின்னணுக் கருவிகளின் பழுதை நாமே அறிந்து கொள்வது எப்படி என்பது பற்றிப் பேசும் வாய்ப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. இலக்கியமும் வரலாறும் முழங்கும் மேடையில் இது மிகச் சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கியபோது, மின்சாரமும் அவருடைய பொறுப்பில்தான் இருந்தது. மத்தியத் தொழில்நுட்ப மின்வாரியம் 1944-இல் அக்காலத்திலேயே உருவாயிற்று. மின்சாரத்தைப் பற்றிச் சிந்திப்பது நமக்கு அந்நியமான செயலன்று.

நம் வீடுகளுக்குள் கருவிகள் வந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். 2006-இல் தமிழக அரசின் வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 2011-இல் மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வந்தன. மாணவர்கள் கைக்கு மடிக்கணினி வந்தது. 2020-இல் கொள்ளைநோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடமே தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும் வந்தது. இன்று உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு, வேலை அறிவிப்பு ஆகியவை இணையத்தின் வழியே வருகின்றன. விண்ணப்பத்தின் கடைசி நாளன்று ரவுட்டரின் விளக்கு அணைந்துபோனால், ஒரு மாணவியின் ஓராண்டே அணைந்துபோகக் கூடும். கருவி நம் வீட்டுக்கு வந்தது. அதைப் பற்றிய அறிவு உடன் வரவில்லை. ஆகவே பழுது நேர்ந்தால் பிறர் சொன்னதே காரணம், கேட்டதே கூலி என்றாகிவிட்டது. நேர்மையான மெக்கானிக்குகள் பலர் உண்டு. அவரிடம் செல்லும்போதும், ‘ஓடவில்லை’ என்று மட்டும் சொல்பவருக்கும், ‘பிளக்கில் மின்சாரம் வருகிறது, அடாப்டரிலிருந்து வரவில்லை’ என்று சொல்பவருக்கும் கிடைக்கும் மரியாதை வேறு. ஆகும் செலவும் வேறு.

பழுதறிதல் மாயவித்தை அன்று. ஒழுங்காகக் கேள்வி கேட்கும் முறை. நோயைக் கண்டு, அதன் காரணத்தைக் கண்டு, பிறகே தீர்க்கும் வழியை நாட வேண்டும் என்று மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த வரிசையே இதற்கும் பொருந்தும். எந்தக் கருவியும் ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி வரை நன்றாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே சென்றால், அறுந்த கண்ணி தானே வெளிப்படும்.

இணைய இணைப்பையே எடுத்துக்கொள்வோம். முதற் கேள்வி: பெட்டியில் விளக்கு எரிகிறதா? ஒரு விளக்கும் எரியவில்லையென்றால், அதே பிளக்கில் கைபேசிச் சார்ஜரைப் பொருத்திப் பாருங்கள். கைபேசி சார்ஜ் ஏறினால் பிளக் நன்று; ஐயம் அடாப்டர் மீது செல்ல வேண்டும். அடாப்டரின் முதுகில் ‘12 வோல்ட், 1 ஆம்பியர்’ என்பது போல எழுதியிருக்கும். மாற்று அடாப்டர் வாங்கினால் வோல்ட் எண் மாறவே கூடாது. ஆம்பியர் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். முனையின் பருமனும், நேர்மின், எதிர்மின் அமைப்பும் ஒத்திருக்க வேண்டும். மல்டிமீட்டரை நேர்மின்னோட்ட வோல்ட் அளவில் வைத்துப் பார்க்கையில் ஒன்றும் காட்டாவிட்டால் அடாப்டர் செத்தது என்று பொருள். 12 காட்டியும் பெட்டி அடிக்கடி தானே அணைந்து எரிந்தால், சுமை ஏறும்போது அடாப்டர் தளர்கிறதா என்று வேறோர் ஒத்த அடாப்டரைக் கொண்டு சோதிக்க வேண்டும்.

இரண்டாம் கேள்வி: ஒளியிழை இணைப்பாயின், ‘எல்.ஓ.எஸ்.’ என்னும் விளக்கு சிவப்பாக மின்னுகிறதா? மின்னினால் ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. இழை கூர்மையாக மடிந்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்தபடி பார்த்துவிட்டு, நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆயினும் கண்ணைக் கெடுக்க வல்லது.

மூன்றாம் கேள்வி: எல்லா விளக்கும் சரி, இணையம் மட்டும் வரவில்லை, இது ஒரு கைபேசியிலா, எல்லாவற்றிலுமா? ஒன்றில் மட்டுமெனில் குற்றம் அந்தக் கைபேசியிடம். கணினியைக் கம்பி வழியே இணைத்தால் வேலை செய்து, வைஃபையில் செய்யாவிட்டால் குற்றம் வைஃபையிடம். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், பெட்டியிடமிருந்து அதற்கு முகவரியே கிடைக்கவில்லை. 8.8.8.8 என்ற எண்ணுக்குப் பிங் அனுப்பினால் விடை வருகிறது, ஆனால் பெயரிட்டு எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில் கோளாறு. வேகம் மட்டும் குறைவெனில் பெட்டியை இரும்பு அலமாரிக்குள்ளிருந்து எடுத்து, வீட்டின் நடுவே உயரத்தில் வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரைத் தாண்டித் தொலைவு செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அருகில் இருப்பவருக்கு வேகம் தரும்.

பெட்டியை அணைத்து, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுவது நல்ல சோதனை. ஆனால் ‘ரீசெட்’ என்ற சிறு துளையில் ஊசியைக் குத்திவிடாதீர்கள். நிறுவனம் பதிந்து தந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, இருந்த வழியும் அடைபடலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை ஏட்டில் எழுதுங்கள். இரண்டை ஒருசேர மாற்றினால் பழுது நீங்கலாம். எது காரணம் என்ற அறிவு கிட்டாது.

இதே முறை பிற கருவிகளுக்கும் பொருந்தும். தொலைக்காட்சி ரிமோட் வேலை செய்யாவிட்டால், அதன் முனையைக் கைபேசியின் முன்பக்கக் காமிராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலான கைபேசிகளின் திரையில் வெளிர் ஊதா ஒளி மின்னும். மின்னினால் ரிமோட் நன்று, பெட்டியைப் பார்க்க வேண்டும். பெருமழையில் டிஷ் படம் மறைந்து மழை விட்டதும் திரும்பினால், அது மழை அலையைத் தடுத்ததால் நேர்ந்தது. எதையும் வாங்க வேண்டியதில்லை. மின்விசிறி முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றாலோ, மெதுவாகவே சுற்றினாலோ, முதலில் ஐயுற வேண்டியது ‘கண்டன்சர்’ என்று கடையில் கேட்கும் சிறு உறுப்பை. கூரை விசிறிகளில் அது பெரும்பாலும் 2.5 மைக்ரோபாரட் அளவுடையது. பழையதில் எழுதியுள்ள அளவையே கேட்டு வாங்க வேண்டும்.

தோழர்களே, எங்கே கை வைப்பது என்பதைப் போலவே, எங்கே கையை எடுப்பது என்பதும் அறிவே. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். உயிர்காக்கும் மின்கசிவுத் துண்டிப்பான்கள் 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பை அறுக்குமாறு அமைக்கப்படுகின்றன. அதாவது 1 ஆம்பியரில் 100-இல் 3 பங்கே உயிருக்கு உலை வைக்கப் போதும். சுவிட்சை அணைத்தால் போதும் என்று நம்பாதீர்கள். கம்பி மாறி இணைக்கப்பட்டிருந்தால் அணைத்த பின்னும் கருவியில் மின்சாரம் நிற்கும். பிளக்கைப் பிடுங்குங்கள், பிடுங்க இயலாதவற்றுக்கு மெயினை அணையுங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பித் தொடாதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள். பிளக் இல்லாமல் கம்பி முனைகளைத் துளையில் செருகுவதும், ஃபியூஸுக்குப் பதில் கிடைத்த கம்பியைக் கட்டுவதும் இன்றே ஒழிய வேண்டிய பழக்கங்கள். மூன்று முனைப் பிளக்கில் பெரிய முனை நீளமாக இருப்பது, எர்த் இணைப்பு முதலில் சேர்ந்து கடைசியில் பிரிவதற்காக. அதை ஒடித்து எறிவது காவலாளியை விரட்டுவதாகும். பழைய குழாய்த் தொலைக்காட்சிக்குள் அணைத்த பின்னும் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் அத்தகையதே. இவற்றைத் திறக்க வேண்டாம். உப்பிய கைபேசி மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ வேண்டாம்; தீப்பற்றும். இவ்விடங்களில் பயின்றவரை அழைப்பது கோழைத்தனம் ஆகாது.

இறுதியாகச் சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம். நம் படிப்பகத்தில் ஒரு மல்டிமீட்டர், திருப்புளித் தொகுதி, 12 வோல்ட் அடாப்டர், நெட் கேபிள், பழுதுகளைப் பதியும் ஏடு ஆகியவை இருக்கட்டும். மாதம் ஒரு ஞாயிறு, பழுதான கருவிகளை அங்கே கொண்டுவந்து ஆண்களும் பெண்களும் சேர்ந்து ஆராயட்டும். மிக்சியின் ஓசை மாறியதையும் கருகல் வாடையையும் முதலில் அறிபவர்கள் தாய்மார்களே. அவர்களை ஒதுக்கிய பயிற்சி அரைப் பயிற்சியாகும். பத்தாம் வகுப்பு தேறியவர்கள் தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் என்னும் ஈராண்டுப் பிரிவில் சேர்ந்து, இதையே தொழிலாகவும் கொள்ளலாம்.

தலைமுறை தலைமுறையாக நம் கைகளுக்கு வேலை ஒதுக்கப்பட்டது; அந்த வேலையின் காரணத்தைக் கேட்கும் உரிமை மறுக்கப்பட்டது. ‘ஏன் ஓடவில்லை?’ என்று ஒரு சிறு பெட்டியிடம் கேட்டு, சோதித்து, விடை காணப் பழகிய இளைஞன், நாளை அலுவலகத்தில் தன் விண்ணப்பம் ஏன் நகரவில்லை என்றும் ஒழுங்காகக் கேட்பான். எந்த மேசை வரை சென்றது, எங்கே நின்றது என்று படிப்படியாகக் கண்டறிவான். அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குத் தருவதும் கல்விச் சங்கத்தின் கடமையே.