எந்தச் சட்டத்தில் எடுக்கிறீர்கள்?

(நிலமெடுப்பு எதிர்ப்புத் தர்ணாவில் சட்டக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரை)



அரசியல் சட்டம் கோர்ட்டோடு நின்றுவிடுவதில்லை. நம்ம வரப்பு வரைக்கும் வருது.

ஒன்று. சொத்துரிமை முன்பு அடிப்படை உரிமை. 1978-இல் 44-ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டது. ஆனாலும் 300-ஏ பிரிவு இருக்கிறது: சட்டத்தின் அதிகாரமின்றி எவர் சொத்தையும் பறிக்கக் கூடாது. 2024-இல் உச்ச நீதிமன்றம் இதை விரித்துச் சொன்னது: நோட்டீஸ் தரணும், ஆட்சேபணையைக் கேட்கணும், காரணம் சொல்லி முடிவெடுக்கணும், நியாயமான இழப்பீடு தரணும்.

இரண்டு. விவசாயமும் நிலமும் மாநிலப் பட்டியல். நிலம் கையகப்படுத்துவது பொதுப் பட்டியல். அதில் மத்திய, மாநிலச் சட்டங்கள் மோதினால் மத்திய சட்டமே நிற்கும். ஜனாதிபதி ஒப்புதல் இருந்தால் அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். இது 254-ஆவது பிரிவு.

மூன்று. இதனால நமக்கென்ன? தனியார் கம்பெனிக்கு நிலம் எடுக்க 80 சதவீதம் பேர் சம்மதம் வேண்டும் என்கிறது 2013 மத்திய சட்டம். தமிழ்நாட்டின் 1997 தொழில் நிலமெடுப்புச் சட்டத்தில் அந்தச் சம்மதம் தேவையில்லை. 2019-இல் ஐகோர்ட் அதைச் செல்லாது என்றது. மாநில அரசு புதுச் சட்டம் போட்டு ஜனாதிபதி ஒப்புதல் வாங்கி அதை உயிர்ப்பித்தது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது.

ஆகவே நோட்டீஸ் வந்தால் முதலில் "எந்தச் சட்டம்?" என்று கேளுங்க. கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபணை கொடுங்க, ஒப்புகை வாங்குங்க.

பிள்ளைகளே, பரீட்சைக்குப் படித்ததைக் கிராமசபையில் வந்து சொல்லுங்க!

படிக்காமல் கையெழுத்துப் போடாதே! கேட்காமல் நிலத்தை விடாதே!