சின்னப்பரின் கப்பலும் நம் படகும்

(பங்கு யூபிலி விழாவையொட்டி நடந்த மீனவர் நாள் கூட்டத்தில், ஆழ்கடல் தொழிலாளர் சார்பில் ஆற்றிய உரை)



நாங்கள் மேடையில் பேசிப் பழகியவர்கள் அல்லர். நீரோடி முதல் இரையுமன்துறை வரை நீளும் இந்தக் கரையில் பிறந்து, தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் கொச்சியிலிருந்தும் தங்கல் போய், சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடலில் மாதக்கணக்கில் கிடப்பவர்கள். எங்களுக்குத் தெரிந்தது படகு ஒன்றே. ஆகவே படகைப் பற்றியே பேச வந்திருக்கிறோம்.

அப்போஸ்தலர் பணி நூலின் 27-ம் அதிகாரத்தை நீங்கள் கோயிலில் கேட்டிருப்பீர்கள். புனித சின்னப்பர் கைதியாக ரோமாபுரிக்குக் கப்பலில் போகிறார். பயணத்துக்கு ஏற்ற பருவம் கடந்துவிட்டது; இப்போது புறப்பட்டால் சேதம் வரும் என்று எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவனோ கப்பலோட்டியின் பேச்சையும் உடையவனின் பேச்சையும் நம்புகிறான். தென்காற்று மெல்ல வீசுகிறது. நினைத்தது கைகூடியது என்று நங்கூரம் தூக்குகிறார்கள். சிறிது நேரத்தில் கொடிய வாடைக்காற்று அடிக்கிறது. பல நாள் சூரியனும் தெரியவில்லை, நட்சத்திரமும் தெரியவில்லை.

அன்பர்களே, இதை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்கு 2017-ம் ஆண்டு நினைவுக்கு வருகிறது. நவம்பர் 30-ம் தேதி, புனித சவேரியார் திருநாளுக்கு மூன்று நாள் முன்பு, ஒக்கி புயல் நம் கடலைக் கடந்தது. பல நாள் முன்பே புறப்பட்டு வெகு தூரம் போயிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவே இல்லை. நம் கரையும் அண்டைக் கேரளக் கரையும் சேர்ந்து இருநூறு பேருக்கு மேல் இழந்தோம். எச்சரிக்கை ஏன் தாமதமானது என்று கேட்பது நம் உரிமை; கேட்டோம், இனியும் கேட்போம். ஆனால் யூபிலி ஆண்டில் நம்மையே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. நம் கையில் இருந்ததை நாம் சரியாகச் செய்திருந்தோமா?

அறுபது எழுபது அடிப் படகு நமக்குப் பெரிதாகத் தெரியலாம். பெருங்கடலுக்கு அது ஒரு தேங்காய் மட்டை. அதைப் பத்திரமாக்கும் வேலை கரையில் நடக்க வேண்டியது. அதற்குக் காலமும் இருக்கிறது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் நம் மேற்குக் கடலில் தடைக்காலம். அதில் பெயிண்ட் அடித்துப் பெயர் எழுதுவதற்கு நாம் காட்டும் அக்கறையில் பாதியை, கண்ணுக்குத் தெரியாத இடங்களுக்கும் காட்ட வேண்டும்.

முதலாவது, தண்ணீர் உள்ளே வரும் வழிகள். புரொப்பெல்லர் தண்டு வெளியே போகும் துளை, இன்ஜினுக்குக் கடல்நீர் எடுக்கும் குழாய், அதன் வால்வு, பழைய ஹோஸ், துருப்பிடித்த கிளிப் ஆகியவற்றை ஒவ்வொன்றாய்க் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அடியில் சேரும் நீரை இறைக்க மின்சார பம்பு ஒன்று போதாது. பாட்டரி நனைந்தால் அது நின்றுவிடும். கையால் இறைக்கும் பம்பு ஒன்றும் கட்டாயம் வேண்டும். ஐஸ் அறை மூடிகள் அலை மேலேறினாலும் கழன்று போகாதபடி பூட்டப்பட வேண்டும்.

இரண்டாவது, இன்ஜின். காற்றும் அலையும் மூண்ட நேரத்திலேயே அது நிற்பது ஏன்? டாங்கின் அடியில் பல மாதமாய்க் கிடந்த கசடும் நீரும், படகு ஆடும்போது கலங்கி, பில்டரை அடைத்துவிடுகின்றன. ஆகவே டாங்கைத் திறந்து சுத்தம் செய்வதும், மாற்று பில்டர்கள், பெல்ட், இம்பெல்லர் எடுத்துப் போவதும், புது பில்டர் போட்டபின் குழாயில் நின்ற காற்றை வெளியேற்றும் விதத்தை இன்ஜின்காரர் தவிர இன்னும் இருவர் அறிந்திருப்பதும் அவசியம். டீசலோ, போகவும் தொழில் செய்யவும் எரிந்தது போக, திரும்பும் தூரத்துக்கும், அதற்கு மேல் இரண்டு மூன்று நாள் எதிர்காற்றில் ஓடுவதற்கும் மிஞ்ச வேண்டும்.

மூன்றாவது, பாரம். டீசல் பீப்பாய்களையும் வலைகளையும் மேல்தளத்திலும் கூரையிலும் அடுக்கினால் படகின் எடை மேலே ஏறுகிறது. சாய்ந்த படகு நிமிரத் தாமதிக்கிறது. கனமானது கீழே இருக்கட்டும், எல்லாம் இறுகக் கட்டப்பட்டிருக்கட்டும். குடிநீரைக் கணக்குப் போட்டு ஏற்றுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் என்றால், 12 பேருக்கு 30 நாளைக்கு 1,440 லிட்டர். திரும்பப் பத்து நாள் தாமதமானால் இன்னும் 480 லிட்டர் வேண்டும். அதையும் இரண்டு டாங்குகளில் பிரித்து வையுங்கள். ஒன்றில் உப்புநீர் கலந்தாலும் மற்றொன்று காப்பாற்றும்.

நான்காவது, குரல். வி.எச்.எப். ரேடியோ படகுக்குப் படகு எட்டுவது சுமார் இருபது மைல்தான். அதன் 16-ம் சேனல் ஆபத்துக்கு உரியது. அதில் கதை பேசலாகாது. கரைக்கு எட்டாத தூரத்தில் துணை நிற்பது வானத்துச் செயற்கைக்கோளே. இஸ்ரோ தயாரித்த டிரான்ஸ்பாண்டர் கருவிகளைப் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. புயல் செய்தி அதில் வரும். நம் அபாயச் செய்தியும் அதன் வழியே போகும். கருவி கிடைத்தவர்கள் அதை அணைத்து வைக்காதீர்கள். அதற்கும் ரேடியோவுக்கும் இன்ஜின் பாட்டரியைச் சேராத தனிப் பாட்டரி ஒன்றை உயரத்தில் வையுங்கள். கடலோரக் காவல் படையின் 1554 என்னும் எண்ணை வீட்டுப் பெண்களும் மனப்பாடம் செய்யட்டும். இரவில் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள் எரிய வேண்டும். ஒருவர் விழித்திருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் முனம்பத்துக்கு அப்பால் கப்பல் மோதிய படகில் நம் மாவட்டத்தார் மாண்டதை நாம் மறக்கவில்லை.

ஐந்தாவது, உயிர்காப்பு உடை. இங்கே எங்கள் குற்றத்தை அறிக்கையிடுகிறோம். எங்கள் படகில் அந்த உடைகள் நெடுநாள் தலையணையாகவே இருந்தன. சில, கயிற்றுச் சுருளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தன. ஒரு நாள் வலை இழுக்கையில் இளைஞர் ஒருவர் தவறி விழுந்தபோது, உடையைத் தேடி எடுப்பதற்குள் அவர் கைக்கெட்டாத தூரம் போய்விட்டார். வீசிய கயிறு இரண்டாம் முறை கைக்குக் கிடைத்ததால் பிழைத்தார். இன்று அவர் இந்தக் கூட்டத்தில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கயிறு தவறியிருந்தால் அவருடைய தாயாருக்கு நாங்கள் என்ன பதில் சொல்லியிருப்போம்? அன்று முதல் தளத்தில் வேலை செய்பவர் உடையோடுதான் நிற்கிறார்.

கடைசியாக, பெயர். சின்னப்பரின் கப்பலில் இருந்தவர்கள் இருநூற்று எழுபத்தாறு பேர் என்று லூக்காஸ் எண்ணி எழுதுகிறார். கப்பல் உடைந்தது, நீந்தியும் பலகைகளைப் பிடித்தும் ஒருவர் குறையாமல் கரை சேர்ந்தார்கள். எண்ணிக்கை தெரிந்ததால்தான் ஒருவரும் குறையவில்லை என்று சொல்ல முடிந்தது. ஒக்கியின்போது எந்தப் படகில் யார் போனார் என்று தெரியாமல் எத்தனை நாள் தவித்தோம்! பங்குத்தந்தையரும் இளைஞரும் வீடுவீடாய்ப் போய் அல்லவா பட்டியல் எழுதினார்கள்! வெளிமாநிலத்திலிருந்து கூலிக்கு வந்த தம்பிமாரின் பெயரையோ ஊரையோ அறிந்தவர் எத்தனை பேர்? அவர்களுக்கும் தாய் உண்டு.

ஆகவே இந்த யூபிலியின் நினைவாக ஒரு தீர்மானத்தை உங்கள் முன் வைக்கிறோம். தடைக்காலம் முடிந்து படகு மந்திரிக்கும் நாளில், ஒவ்வொரு படகுக்காரரும் ஆட்களின் பெயர், ஊர், வீட்டுத் தொலைபேசி எண் எழுதிய தாளோடு வரட்டும். மேற்சொன்ன ஐந்தையும் பார்த்து முடித்தோம் என்று அதன் அடியில் ஒப்பமிடட்டும். அந்தத் தாள் பங்கு அலுவலகத்தில் இருக்கட்டும். ஆள் மாறும்போதெல்லாம் அதையும் மாற்றட்டும். அதன் பிறகு சுவாமி தீர்த்தம் தெளிக்கட்டும்.

இதனால் நம் விசுவாசம் குறைந்துவிடாது. ஒருவரும் அழியார் என்று வானதூதர் வாக்குத் தந்தபின்னும், ஆழம் அளந்து, இருபது பாகம், பதினைந்து பாகம் என்று கண்டு, நான்கு நங்கூரம் போட்டவர்கள் சின்னப்பரின் கப்பலார். தப்பியோடப் பார்த்த மாலுமிகளைத் தடுக்கச் செய்தவரும் சின்னப்பரே. ஆண்டவரை நம்பினார்கள், கயிற்றையும் சரிபார்த்தார்கள்.

கடலின் நட்சத்திரமாம் தேவதாய் நம் பிள்ளைகள் அனைவரையும் எண்ணிக்கை குறையாமல் கரை சேர்ப்பாராக.