தண்டனை முடிந்த பின்னும் சிறை
(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



குற்றவியல் சட்டத்தில் அண்டை நாடுகளின் ஒத்துழைப்பு என்றவுடன், தப்பியோடிய குற்றவாளியை ஒப்படைப்பதே நினைவுக்கு வருகிறது. அயல்நாட்டுச் சிறையில் அகப்பட்ட ஏழை உழைப்பாளியை வீடு சேர்ப்பதும் அதே ஒத்துழைப்பின் கடமைதான். அக்கடமையில் இந்திய, பாகிஸ்தான் அரசுகள் இரண்டுமே தவறி வருகின்றன.

சர் கிரீக் கழிமுகத்தை ஒட்டிய கடல் எல்லை இன்றுவரை வரையறுக்கப்படவில்லை. குஜராத், டையூ மீனவர்களைப் பாகிஸ்தானும், சிந்து மாகாண மீனவர்களை இந்தியாவும் கைது செய்கின்றன. அரசுகள் தீர்க்காத தகராறுக்கு, கூலிக்குப் படகேறியவர் சிறை செல்கிறார்.

சட்டம் இல்லாமல் இல்லை. பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடி விதிகளை மீறியோருக்கு, நாடுகளிடையே வேறு உடன்பாடு இல்லாத நிலையில், சிறைத் தண்டனை கூடாது என்கிறது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவு. இரு நாடுகளும் இதனை ஏற்றவையே. 2008 மே 21 அன்று இவ்விரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தமோ, தண்டனை முடிந்து குடியுரிமையும் உறுதியான ஒரு மாதத்திற்குள் கைதியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறது.

நடப்பது என்ன? அவ்வொப்பந்தப்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் கைதிகளின் பட்டியல்கள் பரிமாறப்படுகின்றன. 2025 ஜூலைப் பட்டியலின்படி, இந்தியர் எனக் கருதப்படும் மீனவர்கள் 193 பேர் பாகிஸ்தானிலும், பாகிஸ்தானியர் எனக் கருதப்படும் மீனவர்கள் 81 பேர் இந்தியாவிலும் இருந்தனர். தண்டனை முடிந்த 159 மீனவர்களையும் பிற கைதிகளையும் விரைந்து விடுவிக்குமாறு இந்தியா கோரியது. இந்தியாவிலுள்ள 80 பேரோ, பாகிஸ்தான் குடியுரிமையை உறுதி செய்யாததால் காத்திருந்தனர்.

பட்டியலில் 'மீனவர்கள்' என்பது தனிப் பிரிவு. பிடிபட்டவர்கள் வலை வீசச் சென்ற தொழிலாளர்களே என்பதை இரு அரசுகளும் எழுத்திலேயே ஒப்புக்கொள்கின்றன என்பதே இதன் பொருள்.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒரு சொல்லைச் சுட்ட விரும்புகிறேன். இவர்களின் விடுதலையை 'நல்லெண்ண நடவடிக்கை' என்று அறிவிப்பது வழக்கம். தண்டனை முடிந்தவரை விடுவிப்பது நல்லெண்ணம் அன்று, சட்டக் கடமை. கடமையைச் சலுகையாக்கும் அந்தச் சொல்லுக்குள், உறவு கசந்தால் சலுகையை நிறுத்தலாம் என்ற உரிமையும் ஒளிந்திருக்கிறது. அப்போது மனிதர் பணயப் பொருளாகிறார்.

இருதரப்பு ஓய்வுபெற்ற நீதிபதிகளைக் கொண்டு 2007இல் அமைந்த கைதிகளுக்கான நீதித்துறைக் குழு, 2013 அக்டோபருக்குப் பின் பாகிஸ்தான் சிறைகளுக்குச் செல்லவில்லை. அக்குழு மீண்டும் இயங்க வேண்டும். குடியுரிமையை உறுதி செய்யக் காலவரம்பு வேண்டும். ஆள் திரும்பினாலும் படகு திரும்பாவிடில் பிழைப்பு இல்லை. ஆகவே படகுகளும் ஒப்படைக்கப்பட வேண்டும்.

எல்லையின் இருபுறமும் மீனவர் அமைப்புகள் இவர்களின் விடுதலையை நெடுங்காலமாகக் கோரி வருகின்றன. தேசவெறிக் கூச்சலுக்கு நடுவே அக்குரலை மக்களிடம் கொண்டு செல்வது நம் பணி.